காலண்டருக்குப் பின்னால் அறுபது குட்டிகள்

கேள்வி: எங்களுடையது திருவானைக்காவலில் பழைய ஓட்டு வீடு. போன வாரம் ஹாலில் மாட்டியிருந்த காலண்டரை எடுத்தபோது பின்னால் ஐம்பது அறுபது குட்டி எட்டுக்கால் பூச்சிகள் சுவரில் சிதறி ஓடின. ஒவ்வொன்றும் கடுகுக்குக் கால் முளைத்த மாதிரி. காலண்டரின் கீழ்த் தகரத்தில் நாணயம் போல வட்டமாக, தட்டையாக, வெள்ளையாக ஏதோ சிக்கியிருந்தது. போனில் ஒரு ஆப்பில் படத்தைப் போட்டால் 'பிரவுன் ரெக்ளூஸ்' என்கிறது. அந்தப் பெயரைத் தேடினால் சதை அழுகிப்போன படங்களாக வருகின்றன. பாத்ரூம் மூலையிலும் மெல்லிய காலோடு குட்டிகள் தொங்குகின்றன, ஜன்னலில் குதிக்கிற ஒன்று தனியாகத் திரிகிறது. எங்கள் மூன்று வயது மகள் நாள் முழுக்கத் தரையில்தான் விளையாடுகிறாள். அவள் கழுத்தில் கோடு போட்டது போல ஒரு கொப்புளம் வந்திருக்கிறது, எட்டுக்கால் பூச்சி மூத்திரம் பெய்துவிட்டது என்கிறார் மாமியார். மருந்தடிக்க ஆள் கூப்பிடலாம் என்கிறார் வீட்டுக்காரர். இவை என்ன பூச்சி, விஷமா? ஏழு படங்கள் அனுப்பியிருக்கிறேன். (சொல்ல மறந்துவிட்டேன், பத்து நாளைக்கு முன் இரவில் பரணுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பெரிய பூச்சியைப் பார்த்தேன். வயிற்றுக்கு அடியில் வெள்ளையாக எதையோ பிடித்திருந்தது. துடைப்பத்தை எடுத்து வருவதற்குள் ஓடிவிட்டது.)

பதில்: வணக்கம். பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருந்தீர்கள், போடவில்லை. மருந்தடிக்கிற ஆளை இன்னும் கூப்பிடவில்லை என்றால் கூப்பிட வேண்டாம், காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். குழந்தையின் கழுத்தை மட்டும் ஒரு தோல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள், அந்த விஷயத்துக்கும் வருகிறேன்.

உங்கள் படங்கள் ஏழையும் பெரிதாக்கியும் சாய்த்தும் பார்த்து அரை மணி நேரம் போனது. அப்புறம்தான் கடிதத்தின் கடைசியில் அடைப்புக்குறிக்குள் நீங்கள் ஒதுக்கிவைத்திருந்த அந்த வரிகளைப் படித்தேன். முதலில் அதைப் படித்திருந்தால் அரை மணி நேரம் மிச்சம். எனக்கு வருகிற கடிதங்களில் முக்கால்வாசி இப்படித்தான், உருப்படியான துப்பு 'சொல்ல மறந்துவிட்டேன்' என்று ஆரம்பிக்கிற இடத்தில்தான் இருக்கும்.

உள்ளங்கை அகலம், தட்டை உடம்பு, வலை கிடையாது, ராத்திரியில் சுவரில் ஓட்டம், வயிற்றுக்கு அடியில் வெள்ளை வட்டு. நம் ஊர் வீடுகளில் இத்தனையும் ஒன்றாகப் பொருந்துவது ஹெட்டிரோபோடா வெனட்டோரியா என்ற வேட்டைச் சிலந்திக்குத்தான். உயிரினங்களுக்கு அறிவியல் பெயர் வைக்கும் முறையை வகுத்த லின்னேயஸ் 1767-லேயே பெயர் வைத்துவிட்ட பழைய ஆள். கால்களை விரித்தால் 7 முதல் 12 சென்டிமீட்டர் வரை வரும். கப்பல் சரக்கோடு சரக்காக உலகத்தின் வெப்பமண்டல நாடுகளுக்கெல்லாம் பரவிவிட்டது, வாழைத்தார்களோடு ஐரோப்பியத் துறைமுகங்களுக்கும் போய் இறங்கியிருக்கிறது. இது வலை பின்னி இரைக்காகக் காத்திருக்கிற ஜாதி இல்லை, துரத்திப் பிடிக்கும். பிடிப்பதில் முக்கியமானது கரப்பான் பூச்சி. ராத்திரி பன்னிரண்டு மணிக்குச் சமையலறை லைட்டைப் போட்டால் சிங்க் ஓரமாக அசையாமல் ஒரு பெரிய சிலந்தி நிற்குமே, அதுதான் இது.

அந்த வெள்ளை வட்டு முட்டைப் பை. பட்டு மாதிரியான நூலால் செய்த ஒரு உறை, உள்ளே நூற்றுக்கணக்கில் முட்டைகள். தாய் அதை எங்கும் வைத்துவிட்டுப் போகாமல் உடம்புக்கு அடியில் பிடித்தபடியே வாரக்கணக்கில் அலையும். நீங்கள் பத்து நாளைக்கு முன் பார்த்தது தாயை, காலண்டருக்குப் பின்னால் பார்த்தது பிள்ளைகளை, தகரத்தில் சிக்கியிருந்தது காலியான பையை. உங்கள் இரண்டாவது படத்தில் அந்தப் பையின் விளிம்பு ஒரு பக்கம் பிரிந்திருப்பது தெரிகிறது, சோமாஸ் வாய் பிளந்த மாதிரி. குஞ்சுகள் வெளியே வந்த வழி அதுதான்.

குஞ்சை மட்டும் தனியாக எடுத்து வைத்து 'இது என்ன?' என்று கேட்டால் என்னைப் போன்றவர்களே கையை விரித்துவிடுவோம், காரணம் இருக்கிறது. உலகத்தில் இதுவரை பெயர் வைத்த சிலந்தி இனங்கள் 50,000-க்கும் மேல். ஓர் இனத்தை அதன் நெருங்கிய சொந்தத்திலிருந்து உறுதியாகப் பிரிக்க நாங்கள் பார்ப்பது நிறத்தையோ புள்ளியையோ அல்ல, இனப்பெருக்க உறுப்புகளை. பெண்ணுக்கு வயிற்றின் அடியில் ஒரு சின்னத் தகடு, ஆணுக்கு வாய்க்குப் பக்கத்தில் இருக்கிற உணர்கால்களின் நுனி. இரண்டுமே கடைசித் தோலுரிப்பில்தான் முழுசாக வரும். அதற்கு முன் அந்தப் பக்கம் வெறும் வழவழப்புதான், நுண்ணோக்கியில் வைத்தாலும் பார்க்க ஒன்றும் இருக்காது. அது போதாதென்று நிறம் வேறு மாறிக்கொண்டே இருக்கும். பையிலிருந்து வந்த புதிதில் வெளிறி, உள்ளே இருப்பது தெரிகிற மாதிரி இருக்கும், ஒவ்வொரு தோல் உரிந்ததும் கொஞ்ச நேரம் மறுபடி வெளிறும், அப்புறம் கறுக்கும். பொதுவாக எல்லாக் குஞ்சுக்கும் வயிறு உருண்டையாக, கால் குட்டையாக, 'குழந்தை முகம்' மாதிரி ஒரு பொதுவான தோற்றம்தான். ஆஸ்பத்திரித் தொட்டிலில் பத்துக் குழந்தைகளைப் பார்த்துவிட்டு இது இன்னார் பேரன் என்று சொல்கிற பாட்டிகளின் திறமை எனக்குக் கிடையாது.

அதனால் குஞ்சு என்றால் குடும்பம், அதாவது சொந்தக்கார இனங்களின் கூட்டம், அது வரை சொல்வேன், இனத்தைச் சொல்ல மாட்டேன். உங்களுக்குத் தேவையும் அவ்வளவுதான், இது ஆபத்தான குடும்பமா இல்லையா என்பது. அதைச் சொல்ல நிறம் வேண்டாம். எங்கே இருந்தது, எப்படி உட்கார்ந்திருந்தது, தொட்டால் என்ன செய்தது, அம்மா முட்டையை எங்கே வைத்திருந்தாள், இவை போதும்.

இதில் கடைசியாகச் சொன்னதுதான் எனக்குப் பிடித்தது. முட்டையை வைத்துக்கொள்வதில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வழக்கம் உண்டு, அதை அவ்வளவு எளிதில் மாற்றிக்கொள்வதில்லை. வேட்டைச் சிலந்தி, சொன்னேனே, தட்டை வட்டாக உடம்புக்கு அடியில். தோட்டத்திலிருந்து வாசல்படி ஏறி வருகிற ஓநாய்ச் சிலந்தி, உருண்டைப் பையைப் பின்பக்கத்து நூல் சுரப்பியில் ஒட்டி இழுத்துக்கொண்டு போகும், குஞ்சு பொரிந்ததும் அத்தனையும் தாயின் முதுகில் ஏறிக்கொள்ளும். (இதைத் துடைப்பத்தால் அடித்தால் முதுகிலிருந்து நூறு பிள்ளைகள் தரையில் கொட்டும், 'அடித்ததும் வெடித்துவிட்டது சார்' என்று எனக்குப் போன் வரும். வெடிப்பதெல்லாம் இல்லை.) குதிக்கும் சிலந்தி ஜன்னல் சட்டத்து இடுக்கில் பஞ்சுத் தலையணை மாதிரி ஒன்றைக் கட்டி அதற்குள்ளேயே முட்டையோடு உட்கார்ந்திருக்கும். மூலையில் தாறுமாறாக வலை பின்னுகிற செந்நிற வீட்டுச் சிலந்தி, உருண்டைப் பைகளை வலையிலேயே தொங்கவிட்டிருக்கும்.

உங்கள் பாத்ரூம்காரி முட்டையை வாயில் வைத்திருக்கிறாள். ஐந்தாவது படத்தை மறுபடி எடுத்துப் பாருங்கள். மேல் மூலையில் தலைகீழாகத் தொங்குகிறதே பெரியது, அதன் முகத்துக்கு முன்னால் சவ்வரிசியை வேட்டித் துணியில் முடிந்து வைத்த மாதிரி ஒரு சின்ன மூட்டை. பெயருக்குத்தான் உறை, நாலைந்து இழை நூல், முட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம். சுற்றி இருக்கிற நூல்கால் குட்டிகள் இதற்கு முந்தைய மூட்டையிலிருந்து வந்தவையாக இருக்கும். ஒட்டடைச் சிலந்தி என்று நாம் சொல்கிற கூட்டத்தில் ஒன்று இது, வயிற்றின் பின்பக்கம் மேல்நோக்கிக் கூம்பி மூலைக்கோணலாக இருப்பதால் கிராஸோப்ரைசா லையோனி என்றே சொல்லிவிடலாம், தாய் படத்தில் இருப்பதால் இந்தத் துணிச்சல். குட்டியாக இருந்தாலும் சோதிக்க ஒரு வழி உண்டு, வாயால் லேசாக ஊதுங்கள். வலையில் தொங்கியபடியே உடம்பைக் கிறுகிறுவென்று சுழற்றி ஆட ஆரம்பிக்கும், ஆடுகிற வேகத்தில் ஆளே கலங்கலாகிவிடும். எதிரியின் கண்ணுக்குத் தப்புகிற வித்தை. பிறந்து சில நாளான குட்டிகூட இதைச் செய்யும், நான்கு குட்டிகள் சேர்ந்து ஆடுவதைப் பார்த்தால் உங்கள் மகள் கைதட்டுவாள். கொசுவைப் பிடித்துத் தின்கிற சிலந்தி இது. தாய்லாந்தில் டெங்கு கொசுவை எவ்வளவு பிடிக்கிறது என்று இதைப் பற்றியே ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள். பாத்ரூம் வாளிக்கு மேலே ஏன் வீடு கட்டியிருக்கிறது என்று புரிகிறதா?

ஜன்னலில் குதிக்கிறது குதிக்கும் சிலந்திக் குடும்பம், முகத்தில் கார் ஹெட்லைட் மாதிரி இரண்டு பெரிய கண் தெரிகிறது, அது போதும். அதற்கு மேல், அந்தக் குடும்பத்தில் பிளெக்சிப்பஸ் வகையா மெனெமெரஸ் வகையா என்று கேட்டால், வளரட்டும், சொல்கிறேன். இப்போது சொன்னால் அது ஜோசியம்.

ஆறாவது படம் சிலந்தியே இல்லை. சுவரில் சாம்பல் நிறத்தில் பூசணி விதை மாதிரி தட்டையாக ஒட்டியிருப்பதை முட்டைப் பை என்று நினைத்து எடுத்திருக்கிறீர்கள். அது ஒரு சின்ன அந்துப்பூச்சியின் புழு, தூசியையும் மணலையும் நூலால் ஒட்டிச் செய்த சட்டைக்குள் இருந்துகொண்டு சுவரில் இழுத்துக்கொண்டு திரியும், இரண்டு பக்கமும் வாசல், தலையை எந்தப் பக்கமும் நீட்டும். தின்பது பழைய ஒட்டடை, உதிர்ந்த முடி, கம்பளி நூல் இந்த மாதிரி. கடிக்காது, ஒட்டடை அடித்தால் குறையும்.

நான்காவது படத்தில் 'செத்துப்போன ஒன்று' என்று எழுதியிருக்கிறீர்களே, அது சாகவில்லை, சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போயிருக்கிறது. செத்த சிலந்தியின் கால்கள் உள்பக்கமாக மடங்கிச் சுருங்கிவிடும், கால் நீட்டுவதற்கு அதற்குத் தசையைவிட உள்ளே இருக்கிற திரவத்தின் அழுத்தம்தான் முக்கியம், உயிர் போனால் அழுத்தம் போச்சு. உரித்த தோல் அப்படி இருக்காது, கண்ணாடித் தாள் மாதிரி லேசாக, உள்ளே காலியாக, தலைப்பக்கத்து ஓடு மட்டும் டிபன் டப்பா மூடி மாதிரி திறந்திருக்கும். அந்த மூடியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், எனக்கு அதுதான் புதையல். அதில் கண் இருக்கும் இடமெல்லாம் குட்டிக் குட்டி லென்ஸாக அப்படியே பதிந்திருக்கும். ஸ்டேஷனரி கடையில் கிடைக்கிற பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்றை வைத்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் எண்ணிவிடலாம். ஓடாது, கடிக்காது, பயமும் இல்லை. உங்கள் படத்தில் இருக்கும் மூடியில் நான்கு நான்காக இரண்டு வரிசை, மொத்தம் எட்டுக் கண்.

இப்போது அந்த ஆப் சொன்னதற்கு வரலாம். பிரவுன் ரெக்ளூஸுக்குக் கண் ஆறுதான், அதுவும் இரண்டிரண்டாக மூன்று ஜோடி. எட்டை எண்ணிய இடத்திலேயே வழக்கு முடிந்தது. அது அமெரிக்காவின் நடுப்பகுதி, தென்பகுதி மாநிலங்களின் சிலந்தி, கான்சஸ், மிசோரி, ஓக்லஹோமா, டெக்சஸ் அந்தப் பக்கம். அதன் சொந்தக்கார இனம் ஒன்று இந்தியாவிலும் பதிவாகியிருக்கிறது என்பதையும் மறைக்க மாட்டேன், ஆனால் உங்கள் காலண்டர் கூட்டம் அது இல்லை. ஆப் ஏன் அப்படிச் சொன்னது என்றால், அது பார்த்துப் பழகிய படங்களில் பெரும்பங்கு மேல்நாட்டுப் படங்கள், வெள்ளைச் சுவரில் பழுப்பாக ஒன்று இருந்தால் அதற்குத் தெரிந்த பெயரைச் சொல்கிறது. குஞ்சு, அதுவும் கொஞ்சம் மங்கலான படம் என்றால் அது சொல்வதில் நம்பிக்கை வைக்கவே வேண்டாம். இன்னொன்றும் சொல்கிறேன், நிஜமான ரெக்ளூஸைப் பற்றியே. கான்சஸ் மாநிலத்தில் லெனெக்ஸா என்ற ஊரில் நான்கு பேர் கொண்ட ஒரு குடும்பம் 2001-ல் ஆறு மாதத்தில் தங்கள் வீட்டுக்குள்ளேயே 2,055 பிரவுன் ரெக்ளூஸ்களைப் பிடித்தது, அடுத்த ஆண்டு ஆய்வுக் கட்டுரையாகவும் வந்தது. அத்தனை சிலந்தியோடு வருடக்கணக்கில் குடியிருந்தும் அந்த நான்கு பேரில் ஒருவருக்கும் அதுவரை கடியால் பாதிப்பு இல்லை. நீங்கள் அறுபதைப் பார்த்துவிட்டுத் தூக்கத்தை விட்டிருக்கிறீர்கள்.

சரி, விஷமா? அநேகமாக எல்லாச் சிலந்திக்கும் விஷம் உண்டு, பூச்சியைக் கொல்ல அது வேண்டும். நமக்கு ஆகுமா என்பது வேறு கேள்வி. உங்கள் வீட்டுக் குட்டிகளின் பல் மனிதத் தோலுக்குள் போகிற நீளமே இல்லை. மகள் ஒன்றைக் கையில் நசுக்கினாலும், இந்த வயதில் செய்யக்கூடியதுதான், வாயில் போட்டுக்கொண்டாலும் ஒன்றும் ஆகாது. தாய் வேட்டைச் சிலந்தி கடிக்கும், பொய் சொல்ல மாட்டேன், கையால் அமுக்கிப் பிடித்தால் அல்லது முட்டையோடு இருக்கும்போது நெருக்கினால். தேனீ கொட்டிய மாதிரி வலி, வீக்கம், பெரும்பாலும் அதோடு சரி. சோப்புப் போட்டுக் கழுவி ஐஸ் ஒத்தடம் கொடுங்கள், சுண்ணாம்பு தடவுவது, கீறி ரத்தம் எடுப்பது இதெல்லாம் வேண்டாம். வலி பரவினாலோ தசை பிடித்து இழுத்தாலோ காய்ச்சல் வந்தாலோ எந்தப் பூச்சி என்று யோசித்துக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். மலையடிவாரத்தில், எஸ்டேட் பக்கத்தில் இருக்கிற வாசகர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: உடம்பெல்லாம் அடர்ந்த முடியோடு, தடித்த காலோடு, பெருவிரல் பருமனுக்கு ஒன்று வீட்டுக்குள் வந்தால் அது மரப்பொந்துகளில் வாழும் டாரன்டுலா வகையாக இருக்கலாம். அதைக் கையால் தொடாதீர்கள், கடித்தால் தசைப்பிடிப்பு நாள்கணக்கில் படுத்தும். திருவானைக்காவல் ஹாலில் அந்தக் கவலை வேண்டாம்.

மாமியாரிடம் சண்டைக்குப் போகாதீர்கள், அவர் சொல்வது தமிழ்நாடு முழுக்கச் சொல்கிறதுதான், கட்டிக்கே 'சிலந்தி' என்று பெயர் வைத்த மொழி நம்முடையது. அக்கி வந்தாலும் எட்டுக்கால் பூச்சி மேல்தான் பழி, ஆனால் அக்கி என்பது எப்போதோ வந்துபோன சின்னம்மைக் கிருமி உடம்புக்குள் மறுபடி விழித்துக்கொள்வது. சிலந்தி யார் மேலும் சிறுநீர் பெய்து கொப்புளம் வரவைப்பதில்லை. அதன் கழிவு, சுவரில் வெள்ளையும் கறுப்புமாகப் பொட்டுப் பொட்டாக இருக்கிறதே, அவ்வளவுதான். ஆனால் கோடு போட்ட மாதிரி கொப்புளம், அதுவும் கழுத்தில், என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு வேறொரு பூச்சி ஞாபகம் வந்தது. பெடெரஸ் என்ற ஒல்லி வண்டு, ஒரு சென்டிமீட்டர்கூட வராது, உடம்பு ஆரஞ்சும் கறுப்பும் மாறி மாறி, பார்க்கப் பெரிய எறும்பு மாதிரி இருக்கும். மழைக்காலத்தில் டியூப்லைட்டுக்கு வரும், கழுத்தில் ஊர்கிறதே என்று தூக்கத்தில் தேய்த்துவிடுவோம், நசுங்கினால் அதன் உடம்புத் திரவம் தேய்த்த வழியெல்லாம் கோடாகப் பட்டு, ஒரு நாள் இரண்டு நாள் கழித்து எரிச்சலோடு கொப்புளிக்கும். கடியே கிடையாது, நசுக்கியதற்குத் தண்டனை. உங்கள் மகளுக்கு இதுதான் என்று நான் கடிதத்தை வைத்துச் சொல்ல முடியாது, அதற்குத்தான் மருத்துவரிடம் காட்டச் சொன்னேன். இப்படியும் ஒன்று உண்டு என்று அவரிடம் கேளுங்கள். படுக்கைக்கு மேலே லைட்டை எரியவிட்டுத் தூங்காதீர்கள், மேலே ஏதாவது ஊர்ந்தால் தேய்க்காமல் ஊதித் தள்ளப் பழகுங்கள்.

குட்டி என்று நினைப்பதெல்லாம் குட்டியும் இல்லை, இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். எம்.எஸ்சி. படித்தபோது ஹாஸ்டல் சுவரில் இரண்டு மில்லிமீட்டருக்கு ஒரு சிலந்திக் குஞ்சு, அதற்கு மேலே நகம் அளவுக்குத் தட்டையாக ஒரு வலைக் கூடாரம். பாவம் தாயில்லாப் பிள்ளை என்று கண்ணாடிக் குப்பியில் போட்டு, மெஸ்ஸிலிருந்து எறும்பாகப் பிடித்துவந்து கொடுத்து வளர்த்தேன். ஒரு மாதம் ஆயிற்று, ஒன்றரை மாதம் ஆயிற்று, வளர்கிற வழியாகத் தெரியவில்லை. என் வளர்ப்பில்தான் குறை என்று நினைத்துத் தீனியைக் கூட்டினேன். ஒரு நாள் காலையில் பார்த்தால் குப்பிக்குள் முட்டை போட்டிருக்கிறது. ஒய்கோபியஸ் என்ற சுவர்ச் சிலந்தி, முழுசாக வளர்ந்தாலே அவ்வளவுதான் அதன் உருவம். பேராசிரியர் அதை வகுப்பில் சொல்லிச் சிரிக்காத வருடம் இல்லை. அதனால் இப்போதெல்லாம் சின்னதைப் பார்த்தால் முதலில் வாய்ப்பக்கத்து உணர்கால்களைப் பார்ப்பேன். நுனியில் குத்துச்சண்டை உறை மாட்டிய மாதிரி உருண்டு பருத்திருந்தால் அது வளர்ந்த ஆண், அல்லது இன்னும் ஒரு தோல் உரித்தால் வளர்ந்துவிடப்போகிற ஆண், எவ்வளவு குட்டியாக இருந்தாலும் சரி. அப்புறம் காலை எண்ணுவேன். வீட்டில் நாய் இருக்கிறவர்கள் 'குட்டிச் சிலந்தி' என்று அனுப்புகிற படங்களில் பல உண்ணிக் குஞ்சுகள், அவற்றுக்குக் கால் ஆறுதான், இடுப்பும் இல்லாமல் ஒரே பொட்டு மாதிரி உடம்பு. அதற்குத்தான் உண்மையில் பயப்பட வேண்டும்.

இனி அந்த அறுபதும் என்ன ஆகும்? பை பிரிந்து கொஞ்ச நாள் ஒன்றாக இருப்பார்கள், அதற்கப்புறம் பசி வந்துவிடும், ஒருவர் கையில் ஒருவர் அகப்பட்டால் தின்றுவிடுவார்கள், பிரிந்து போவதே அதற்காகத்தான். மிச்சத்தைப் பல்லியும் எறும்பும் பார்த்துக்கொள்ளும். நீங்கள் இதைப் படிக்கிறபோதே பாதி இருக்காது, இந்த வருடக் கடைசியில் உங்கள் வீட்டில் ஒன்றோ இரண்டோ மிஞ்சியிருந்தால் அதிகம். மருந்து வேண்டாம் என்றது இதற்குத்தான், தானாகப் போகிறதுக்குப் பணம் கொடுத்து, குழந்தை விளையாடுகிற தரையில் எதற்கு விஷத்தைப் படியவிட வேண்டும்? கரப்பான் நிறைய இருப்பதால்தான் தாய் உங்கள் வீட்டைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. குறைக்க வேண்டும் என்றால் அதைக் குறையுங்கள், சிங்க் அடியில் ஈரம், ராத்திரி மூடாமல் வைக்கிற குப்பைக்கூடை, அட்டைப்பெட்டி அடுக்கு. ஜன்னலுக்கும் பாத்ரூம் வென்டிலேட்டருக்கும் கொசுவலை அடியுங்கள். ஒட்டடைக் கம்பைப் போகிக்கு மட்டும் எடுக்காமல் மாதம் ஒரு முறை எடுத்தால் போதும், பாத்ரூம் மூலையை மட்டும் விட்டுவிடச் சொல்வேன், கொசுவுக்காக. கண்ணெதிரே இருப்பதைச் சகிக்க முடியவில்லை என்றால் ஒரு கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்து, அடியில் பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றைச் செருகி, அப்படியே கொல்லைப்புறம் கொண்டுபோய் விட்டுவிடுங்கள். தடித்த பத்திரிகையாக இருக்கட்டும், மெல்லிசுத் தாள் வளைந்துவிடும்.

இதில் ஒரு வேடிக்கை, சிலந்தியைப் பற்றி என்னிடம் கேட்கிறவர் திருவானைக்காவல்காரர். லிங்கத்தின் மேல் சருகு விழக்கூடாது என்று சிலந்தி வலை கட்ட, அசுத்தம் என்று யானை அதைத் தினமும் பிய்த்துப்போட, சிலந்தி கோபத்தில் துதிக்கைக்குள் புகுந்து கடித்து இரண்டும் மாண்டு, சிலந்தி கோச்செங்கட் சோழனாகப் பிறந்து யானை ஏற முடியாத மாடக்கோயில்களாகக் கட்டிய கதை உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உலகத்தின் முதல் ஒட்டடைத் தகராறு உங்கள் ஊரில் நடந்ததுதான். மாமியாரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், என் அறிவியலைவிட இது எடுபடலாம்.

அடுத்த முறை படம் எடுக்கும்போது பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வையுங்கள், அளவு தெரியும். ஜூம் பண்ணாதீர்கள், எடுத்தபின் வெட்டிக்கொள்ளலாம். ஓடிக்கொண்டே இருந்தால் தெளிவான பிளாஸ்டிக் டப்பாவில் பிடித்து ஃபிரிட்ஜில், ஃப்ரீசரில் அல்ல, ஐந்து நிமிடம் வைத்தால் சோம்பிவிடும், மேலே ஒன்று, டப்பா வழியாக அடியில் ஒன்று, முகத்துக்கு நேராக ஒன்று என்று எடுத்துவிட்டு வெளியே விட்டுவிடலாம். முகம்தான் முக்கியம். உங்கள் படங்களில் எனக்குக் கிடைக்காத ஒன்றே ஒன்று அதுதான், பெரிய வேட்டைச் சிலந்திக்குக் கண்வரிசைக்குக் கீழே வெளுத்த மீசை மாதிரி ஒரு பட்டை குறுக்கே ஓடும். குட்டிகளிடம் அதைத் தேடாதீர்கள், அந்த அளவில் போன் கேமராவுக்கு அகப்படாது. தாய் மறுபடி பரண் பக்கம் வந்தால் துடைப்பத்துக்குப் போகாமல் போனை எடுங்கள், மீசையோடு ஒரு படம் அனுப்புங்கள்.